முதலும் முதுசமும்: டி. வி. சுந்தரம் ஐயங்கார்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில், தந்தையின் பெயரோடு ‘அன்ட் சன்ஸ்’ என்று சேர்த்தெழுதிய கடைப் பலகைகளைக் கண்டு வளர்ந்தவன் நான். அவற்றுட் பல இன்று இல்லை. கடற்படைத் தளத்தை நம்பி நடந்த வணிகம், 1957ஆம் ஆண்டில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துச் சென்றதும் தளர்ந்துபோயிற்று. தந்தை தேடிய முதல் மக்கள் கைக்கு வந்துவிடுகிறது; அம்முதலைத் தேடித் தந்த குணமும் முதுசமாக வருகிறதா? இதனை எண்ணுந்தோறும், கடலுக்கு அப்பால் மதுரையில் தொழில் நிறுவிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் வாழ்வு என் நினைவில் எழுகின்றது. நம் வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிற் காணும் டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்து அன்னாரின் பெயரே என்பதை நம்மவருட் பலர் அறியார்.

திருநெல்வேலிச் சீமையில், வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருக்குறுங்குடியில், 1877 மார்ச் 22ஆம் திகதி அவர் பிறந்தார். முதலில் வழக்கறிஞர் தொழில். பின்னர் ரயில்வேயில் வேலை. அதன்பின் வங்கியில் உத்தியோகம். கற்ற அந்தணக் குடும்பத்து இளைஞனுக்கு மாதச் சம்பளமே மதிப்பும் பாதுகாப்புமாக விளங்கிய காலம் அது. அப்பாதுகாப்பை உதறி, 1911ஆம் ஆண்டில் சொந்தத் தொழில் தொடங்கினார். மறு ஆண்டில் மோட்டார் பஸ் ஓட்டலானார். மதுரை அவர் தொழிலுக்குத் தலைமையிடமாயிற்று.

மாட்டு வண்டிக்குக் கடிகாரம் இல்லை. புழுதியும் பள்ளமுமான பாதைகளில் வண்டி புறப்படுவது வண்டிக்காரன் மனம்போல. போய்ச் சேருவது காளையின் மனம்போல. அத்தகைய நாட்டில், குறித்த வேளைக்குப் புறப்பட்டுக் குறித்த வேளைக்குச் சேரும் வண்டி என்பது பெரும் புதுமை. டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்து மக்கள் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பது மதுரைப் பக்கத்தில் நெடுங்காலம் வழங்கிய பேச்சு.

நேரந் தவறாமை வாயாற் சொல்ல எளிது. வண்டியில் காட்டுவது அரிது. வண்டி வழியில் நில்லாதிருக்க நல்ல பட்டறை வேண்டும்; உதிரிப் பாகங்கள் கைவசம் இருக்க வேண்டும்; தேய்ந்த டயரைப் புதுப்பிக்கத் தெரிய வேண்டும். டயர் புதுப்பிக்கும் தொழிற்சாலையும், மெட்ராஸ் ஆட்டோ சேர்விஸ், சுந்தரம் மோட்டார்ஸ் முதலிய நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஒரு கிளையிலிருந்து மறு கிளை அரும்புவதுபோல, பஸ் ஓட்டத்தின் தேவைகளிலிருந்தே ஏனைய தொழில்கள் கிளைத்தன எனலாம்.

இரண்டாம் உலகப் போர் அவருக்கு வந்த பெருஞ் சோதனை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் போர்க்கப்பல்களுக்காக இருந்த அக்காலத்தில், அக்கரையில் பஸ்ஸுக்குப் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. சுந்தரம் ஐயங்கார் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் எழும் வாயுவால் இயந்திரத்தை ஓட்டும் கருவியை டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற பெயரில் செய்வித்து அளித்தார். பெற்றோல் அற்ற நாளிலும் வண்டிகள் ஓடின.

புதல்வர்களைத் தொழிலிற் பழக்கி, அவர்கள் தாமாகவே புதிது தொடங்கும் அளவுக்கு வளர்த்தார். சந்தானம் 1954இல் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28ஆம் திகதி, கொடைக்கானலில் தந்தை காலமானார். 1962இல் சுந்தரம் கிளேட்டன் எழுந்தது. இலங்கையில் 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை அரசுடைமையானதை நம் முதியோர் அறிவர். அதேபோன்று 1970களின் தொடக்கத்தில் மதுரையில் டி.வி.எஸ். பஸ்களையும் அரசு ஏற்றுக்கொண்டது. குடும்பத்துக்குப் பெயர் தந்த பஸ்ஸே கைவிட்டுப் போயிற்று. ஆயினும் குடும்பம் சாயவில்லை. ஒரே தொழிலை, ஒரே வாடிக்கைக்காரரை நம்பியிராமையே காரணம். 2022இல் குடும்பக் கிளைகள் நிறுவனங்களைத் தமக்குள் பிரித்துக்கொண்டபோதும் மூலவரின் பெயர் நிலைத்தது.

ஆனால் ‘அன்ட் சன்ஸ்’ என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு பெயர் உண்டு. அவர் மகள் சௌந்தரம். இளமையில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தவர். விதவையை வீட்டின் மூலையில் இருத்திய காலத்தில், பெற்றோர் அவரைப் படிக்கத் தூண்டினர். தில்லியில் மருத்துவம் கற்று, அங்கேயே காந்தியடிகளின் தொடர்பையும் பெற்றார். பின்னர் வேறு சாதியினரான கேரளத்து ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது பெற்றோர் எளிதில் இணங்கவில்லை. காலத்தை முந்திய தொழிலதிபரும் குல மரபின்முன் தயங்கினார். காந்தியடிகளின் யோசனைப்படி ஓராண்டு பிரிந்திருந்தும் மனம் மாறாத இருவருக்கும் 1940இல் சேவாகிராமத்தில் திருமணம் நடந்தது. 1947இல் திண்டுக்கல் அருகே அவ்விருவரும் தோற்றுவித்த காந்திகிராமம் இன்று பல்கலைக்கழகத்தையும் கொண்டு விளங்குகின்றது.

உறுதியான சம்பளத்தைத் துறந்து பாதையில் இறங்கிய தந்தையின் துணிவு, செல்வ மனையைத் துறந்து கிராமத்திற் குடியேறிய மகளிடமும் இருந்ததை நான் காண்கிறேன். தந்தையின் சொல்லை மீறிய மகளே தந்தையின் குணத்துக்கும் உரிமை பூண்டார். பெற்ற முதலைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்க உறுதிப் பத்திரம் எழுதலாம்; குணத்தை அவ்வாறு எழுதி வைக்க இயலாது. அது எந்தப் பிள்ளையிடம் எந்த வடிவிற் போய்ச் சேரும் என்பதைத் தேடி வைத்தவரும் அறியார்.