கடலும் கடையும்

வ.உ.சிதம்பரனார் என்றவுடன் கப்பலும் செக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்விரண்டிற்கும் பின்னர் ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். வணிகராகவும் குடும்பத் தலைவராகவும் அவர் பட்ட பாட்டைப் பலர் அறியார்.

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாதர், பரமாயி இணையருக்குப் பிறந்தவர் சிதம்பரனார். தந்தையைப் போலவே அவரும் வழக்கறிஞரானார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் வணிகம் ஆங்கிலேய நிறுவனத்தின் பிடியில் இருந்த காலம் அது. அப்பிடியைத் தளர்த்த 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகம் வந்தன. எதிர் நிறுவனமோ கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்று, சுதேசிக் கப்பல்களை நட்டத்தில் ஆழ்த்த முயன்றது.

1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்ற சிதம்பரனார், அடுத்த சில நாள்களில் கைதானார். இரட்டை வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்தின் மனநிலை பிறழ்ந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தபோதிலும், கோவைச் சிறையில் செக்கிழுக்க நேர்ந்தது. அவர் சிறையில் இருந்தபோதே நிறுவனம் கலைந்தது. கப்பல்கள் கைவிட்டுப் போயின.

1912 இறுதியில் விடுதலையானவருக்கு வழக்காடும் உரிமை இல்லை. மனைவி மீனாட்சி அம்மையார், பிள்ளைகளுடன் சென்னையில் குடியேறினார். கடலில் கலம் செலுத்தியவர் மளிகையும் மண்ணெண்ணெயும் விற்றார். உழைப்பில் உயர்வு தாழ்வு பாராத அவருக்கு அவ்வணிகமும் கைகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்கெனத் திரட்டிய தொகை, காந்தியடிகளுடன் நெடுநாள் நடந்த கடிதப் போக்குவரத்துக்குப் பின் 1916இல் வந்து சேர்ந்தது. அது 347 ரூபாய் 12 அணா. குடும்பத்திற்கு அன்று அதுவும் பெருந்துணையாயிற்று.

வறுமை அவருடைய தமிழ்ப்பணியைத் தடுக்கவில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். 'மெய்யறம்' படைத்தார். தம் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார்.

பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமத்தைத் திரும்பப் பெற்றுக் கோவில்பட்டியில் வழக்காடினார். அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் அறத்தைத் தம் இல்லத்துப் பெயராகவே ஏற்றார்.

1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் மறைந்தார். இறுதிக் காலத்தில் எழுதிய உயிலில் எண்ணெய்க் கடைக்கும் துணிக் கடைக்கும் தாம் தரவேண்டிய சிறு தொகைகளையும் குறித்துவைத்தார். நாட்டுக்காகத் தம் செல்வம் அனைத்தையும் இழந்தவர், கடைக்காரருக்குரிய காசு கூடத் தம்மால் நின்றுவிடலாகாது என எண்ணினார். பொதுவாழ்வில் அவர் காத்த நேர்மையும் இல்வாழ்வில் அவர் காத்த நேர்மையும் வேறுவேறல்ல.