கோட்டையூர் ரோஜா முத்தையா

கல்விக்கு வாரி வழங்கிய வள்ளல் அழகப்பரை ஈன்ற கோட்டையூர், பழந்தாள் சேர்த்த முத்தையாவையும் ஈன்றது. முன்னவர்க்குக் கல்லூரிகள் நினைவுச் சின்னமாயின. பின்னவரோ புலவரல்லர், பேராசிரியருமல்லர். பெயர்ப்பலகை தீட்டிய ஓவியர். ரோஜா என்னும் அடைமொழி அத்தொழிலின்வழி வந்து அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஏறத்தாழ 1950 முதல் அவர் நூல் திரட்டலானார். இலக்கியம், சித்த மருத்துவம், சமயம் என அவர் தொடாத துறை அரிது. எனினும் அவர்தம் தனிப்பெருமை, கற்றோர் கழித்துவிட்டவற்றைக் காத்தமையே ஆகும். நாடக விளம்பரத் துண்டு, திரைப்படப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றையும் அவர் ஏட்டுச்சுவடிக்கு நிகராகப் பேணினார். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் கன்னிமாரா நூலகத்திற்கு நூற்படிகளைச் சேர்ப்பித்தது. அழைப்பிதழைச் சேர்ப்பிக்க எச்சட்டம் உண்டு? ஒரு காலத்து மக்கள் எதைப் பாடினர், எந்நாடகம் காணச் சென்றனர், எம்முறையில் உறவினரை அழைத்தனர் என்பவற்றை இத்தகைய துண்டுத் தாள்களே உரைக்கும். நூலகத்தில் இடம்பெறாதது வரலாற்றிலும் இடம்பெறாது போகும் என்பதை அவர் ஏட்டில் எழுதவில்லை. வீடு நிறையச் சேர்த்து வைத்துக் காட்டினார்.

சிவகாசி வட்டாரத்தார்க்கு இது நெஞ்சைத் தொடும் செய்தி. 1923-இல் இங்குத் தீப்பெட்டித் தொழில் கால்கொண்டபின், அதன் சிட்டைகளை அச்சிடும் தேவையும் அச்சுத்தொழிலை வளர்த்தது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கட்டுகளின்மேல் ஒட்டிச் சென்ற படங்கள் எத்தனை! வெடித்த மறுநாள் அவை தெருக்குப்பை. நாட்காட்டிகளோ ஆண்டிறுதியில் பழைய தாள். அவற்றுள் எஞ்சியவை எத்தனை?

1992-இல் முத்தையா மறைந்தபோது, அவர் திரட்டு ஓரிலக்கம் உருப்படிகளை எட்டியிருந்தது. கரையானும் ஈரமும் கடல் கடந்து செல்லக்கூடும் என்னும் அச்சமும் ஒருங்கே சூழ்ந்த வேளையில், சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கிற்று. தமிழ்நாட்டார் முந்திக்கொள்ளாதது நாணத்தக்கதே. ஆயினும் திரட்டு தமிழ் மண்ணிலேயே நிலைபெற்றது. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் தோன்றிற்று, நூல்கள் நுண்படமாக்கப்பட்டன. பின்னர் அந்நூலகம் தரமணியில் அமைந்தது. பலகைகளில் பிறர் பெயரையே தீட்டி வந்தவரின் பெயர், அந்நூலகப் பலகையில் விளங்குகின்றது.