காருகுறிச்சி அருணாசலம்

காருகுறிச்சி ப. அருணாசலம் (1921 - ஏப்ரல் 1964) தமிழகத்தின் புகழ்பெற்ற நாதசுவரக் கலைஞர்களுள் ஒருவர் ஆவார். இவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையின் மாணவர். 1962ஆம் ஆண்டு வெளிவந்த கொஞ்சும் சலங்கை திரைப்படத்தின் சிங்காரவேலனே தேவா என்னும் பாடலுக்கு இவர் வாசித்த நாதசுவரம், கருநாடக இசையில் பழக்கமில்லாதவர்களிடத்தும் இவர் பெயரைக் கொண்டு சேர்த்தது. ஆயினும் சில நிமிடங்களே ஒலிக்கும் அப்பாடலை மட்டும் கொண்டு இவரது கலையை அளவிட இயலாது. இசைத்தட்டுகள், வானொலிப் பதிவுகள், இரசிகர்கள் தம்முள் பகிர்ந்துவரும் கச்சேரிப் பதிவுகள் ஆகியவையே அதற்கு எஞ்சியுள்ள சான்றுகள்.

பிறந்த ஊர்

காருகுறிச்சி, திருநெல்வேலிக்கு மேற்கே தாமிரபரணிப் பள்ளத்தாக்கில், சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே அமைந்துள்ள ஊர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளையும் பகுதி இது. மண்பாண்டத் தொழிலுக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. அருணாசலத்தின் தந்தையார் பெயர் பலவேசம்.

நாதசுவரம் என்றதும் தஞ்சை மாவட்டமே நினைவுக்கு வருவது இயல்பு. திருவாவடுதுறை, திருவீழிமிழலை, செம்பொன்னார்கோயில் முதலிய ஊர்களின் பெயர்களே கலைஞர்களின் பெயர்களுக்கு முன்னொட்டாக விளங்கிய காலம் அது. பொருநைக் கரையிலும் இசைக்குக் குறைவில்லை. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இப்பள்ளத்தாக்கைச் சேர்ந்தவரே. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாட்களைக் கழித்த எட்டயபுரமும் பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. எனினும் நாதசுவரத்தில் காவிரிக்கரைக் கலைஞர்களுக்கு இணையாகத் தென்பாண்டி நாட்டு ஊர் ஒன்றின் பெயர் பரவலாகப் பேசப்பட்டது அருணாசலத்தின் காலத்திலேயே எனலாம்.

இராசரத்தினம் பிள்ளையிடம் பயிற்சி

இளமையிலேயே அருணாசலம் இராசரத்தினம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். குருவுடன் இணைந்து வாசிக்கும் வாய்ப்பையும் பெற்றார். நாதசுவரத்தில் இருவர் சேர்ந்து வாசிப்பது மரபு. முதல் நாயனம் வாசிப்பவர் ஒரு பிடியை எடுத்து நிறுத்தும்போது, மற்றவர் அதைக் கெடுக்காமல் வாங்கித் தொடரவேண்டும். அவர் அடுத்து எவ்வழியில் செல்வார் என்பதை முன்கூட்டியே ஊகிக்கும் செவி இல்லாமல் இது கைகூடாது. இராசரத்தினம் பிள்ளை எதிர்பாராத இடங்களில் திரும்பும் இயல்பினர் என்பதால், அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்ததே பெரும் பயிற்சியாக அமைந்திருக்க வேண்டும்.

கருவியும் அக்காலத்தில் மாறிவந்தது. முன்னர் வழக்கிலிருந்த திமிரி நாயனம் குட்டையானது, சுருதி மிகுந்தது. நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை இராசரத்தினம் பிள்ளை கையாண்டு பரப்பினார். வாய்ப்பாட்டின் குழைவை ஒத்த இராக ஆலாபனைக்கு இக்கருவி பொருந்தியது. அருணாசலம் இம்முறையைப் பின்பற்றியவர். குருவின் வாசிப்பில் இருந்த வேகமும் துணிச்சலும் ஒருபுறமிருக்க, மாணவரின் வாசிப்பில் இனிமையும் நிதானமும் மேலோங்கின.

இராசரத்தினம் பிள்ளை 1956 திசம்பரில் மறைந்தார். அதன்பின் அவரது பாணியைக் கேட்க விரும்பியோர் அருணாசலத்தையே நாடினர்.

கோவில்பட்டியும் இரசிகர்களும்

அருணாசலம் பின்னாளில் ஆற்றுப்பாசன ஊரை விட்டுக் கரிசல் நிலத்துக் கோவில்பட்டியில் குடியேறினார். அருகிலுள்ள இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. இராசநாராயணனும் இவரது இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர்கள். அப்பகுதியில் வாழ்ந்த விளாத்திகுளம் சுவாமிகளின் இராக ஆலாபனையும் இவர்களை ஈர்த்தது. எழுத்தாளர்களும் உழவர்களும் கலந்திருந்த இத்தகைய இரசிகர் கூட்டம் சென்னைச் சபாக்களின் கூட்டத்தினின்று வேறுபட்டது. நுழைவுச்சீட்டு இல்லாத கோயில் திருவிழாவும் திருமணமுமே அவர்களுக்கு அரங்குகள்.

இசைத்தட்டும் ஆலாபனையும்

கோயில் வீதியுலாவில் ஒரே இராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிப்பது நாதசுவர மரபு. நிமிடத்துக்கு 78 சுழற்சி கொண்ட அரக்கு இசைத்தட்டின் ஒரு பக்கத்திலோ ஏறக்குறைய மூன்றரை நிமிடங்களே அடங்கும். இராகத்தின் முகத்தைக் காட்டுவதற்குள் தட்டு முடிந்துவிடும். அமெரிக்காவின் ஜாஸ் கலைஞர்களுக்கும் அக்காலத்தில் இதே இடர்ப்பாடு இருந்தது. கற்பனையில் நீளும் எந்த இசைக்கும் இது பொருந்தும். இதனால் தட்டுகளை மட்டும் கேட்போர் அருணாசலத்தைச் சுருக்கமாக வாசித்தவர் என்று கருத இடமுண்டு. நீண்ட ஒலிப்பதிவுகளைக் கேட்டவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். கரகரப்பிரியா போன்ற இராகத்தில் ஒரே சுரத்தில் நெடுநேரம் நின்று, பின் சிறிது சிறிதாக மேலேறும் அவரது முறை அவற்றில்தான் புலப்படுகிறது.

கொஞ்சும் சலங்கை

எம். வி. இராமன் இயக்கிய இத்திரைப்படத்துக்கு இசையமைத்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு. கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதிய சிங்காரவேலனே தேவா பாடல் ஆபேரி இராகத்தில் அமைந்தது, எஸ். ஜானகி பாடினார். திரையில் ஜெமினி கணேசன் நாதசுவரம் வாசிக்க, சாவித்திரி பாடுவார். திறந்த வெளிக்கென அமைந்த உரத்த கருவிக்கு இணையாகப் பெண் குரல் ஒன்று சுரங்களைத் தொடுத்துச் செல்வதே இப்பாடலின் சிறப்பு. குரலும் நாதசுவரமும் தனித்தனியே பதிவுசெய்யப்பட்டு இணைக்கப்பட்டன. ஆயினும் இருவரும் நேருக்கு நேர் போட்டியிடுவது போன்றே கேட்போருக்குத் தோன்றும்.

திருமண வீடுகளில் ஒலிபெருக்கி வைப்போர் கட்டாயம் வைத்திருந்த தட்டுகளுள் இதுவும் ஒன்று. மேளம் அமர்த்த வசதியில்லாத வீட்டிலும் காருகுறிச்சியின் நாயனம் ஒலித்தது இவ்வாறே. இதே ஒலிபெருக்கி பின்னர் ஊர்ப்புற நாதசுவரக் கலைஞர்களின் பிழைப்பைக் குறைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

மறைவு

அருணாசலம் 1964 ஏப்ரலில் காலமானார். குரு மறைந்து எட்டாண்டுகள் கூட அப்போது நிறைவடைந்திருக்கவில்லை. திரைப்படப் பாடலால் பெற்ற பெரும்புகழுடன் அவர் வாழ்ந்தது இரண்டாண்டுகளுக்குச் சற்று மேல் மட்டுமே. கோவில்பட்டியில் இவருக்குச் சிலை எழுப்பப்பட்டுள்ளது.

கச்சேரிப் பதிவுகள் பல, இரசிகர்களின் வீடுகளில் ஒலிநாடாக்களில் தங்கி, ஒருவரிடமிருந்து ஒருவர் படியெடுத்ததால் பிழைத்தவை. படியெடுக்குந்தோறும் இரைச்சல் கூடும். மேலுறையில் ஊரோ ஆண்டோ குறிக்கப்படாதவையும் உண்டு. உடன் ஒலிக்கும் தவிலின் சொற்கட்டைக் கொண்டு வாசித்தவர் இன்னார் என ஊகித்து, அதிலிருந்து காலத்தைக் கணிக்க முயலும் இரசிகர்களும் உள்ளனர்.