கிரிட்ஸும் ஒரு கொடிய நோயும்: யார் இந்த ஜோசப் கோல்ட்பெர்கர்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காலை உணவு என்றாலே கிரிட்ஸ்தான். மக்காச்சோளத்தை ரவையாக உடைத்து, கொதிக்கிற தண்ணீரில் கெட்டியாகக் கிளறுவாங்க. வெண்ணெய், முட்டையோடு சாப்பிட்டால் பிரச்சினையே இல்லை. ஆனால் 100 வருஷத்துக்கு முன்னாடி, அதற்கெல்லாம் வழியில்லாமல் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, கடைசியில் புத்தி பேதலிக்கும். நோயின் பெயர் பெலாக்ரா. அது தொற்றுநோய் என்றே பல டாக்டர்கள் நம்பினார்கள்.

அதை மறுத்தவர் ஜோசப் கோல்ட்பெர்கர். 1874-ல் அன்றைய ஹங்கேரியில் பிறந்து, சிறு வயதிலேயே நியூயார்க் வந்த யூதர். அப்பா மளிகைக் கடைக்காரர். டாக்டராகி அரசு சுகாதாரப் பணியில் சேர்ந்தவரை, 1914-ல் தெற்கே அனுப்பினார்கள்.

அனாதை இல்லங்களில் அவர் கவனித்தது ஒன்றுதான். உள்ளே இருப்பவர்களுக்கு வரும் நோய், கூடவே இருக்கும் ஊழியர்களுக்கு வரவில்லை. தொற்றுன்னா ஆள் பார்த்தா வரும்? வித்தியாசம் தட்டில் இருந்தது. பால், முட்டை, இறைச்சி கொடுத்ததும் குழந்தைகளிடம் நோய் மறைந்தது.

அடுத்து செய்ததை இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டாங்க. 1915-ல் மிசிசிப்பி சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை கிடைக்கும் என்ற உறுதியின் பேரில் முன்வந்த 11 கைதிகளுக்கு மாதக்கணக்கில் கிரிட்ஸ், சோள ரொட்டி, சர்க்கரைப் பாகு என்றே சாப்பாடு. 6 பேருக்கு பெலாக்ரா வந்தது.

அப்பவும் பலர் நம்பவில்லை. 1916-ல் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஊசியாகப் போட்டுக்கொண்டார். தோல் செதில், மலம் எல்லாவற்றையும் மாவில் உருட்டி விழுங்கினார். மனைவி மேரியும் அந்த ரத்த ஊசியைப் போட்டுக்கொண்டார். ஒருத்தருக்கும் நோய் வரவில்லை.

தெற்கத்தி அரசியல்வாதிகளுக்கு இது கசந்தது. காரணம் கிருமி இல்லை, வறுமை என்றாகிவிட்டதே! வாசல்வரை பருத்தி விதைத்த குத்தகை விவசாயிக்குக் காய்கறி போட இடமில்லை, மாடு வளர்க்க வழியில்லை.

1927 மிசிசிப்பி வெள்ளத்தின்போது, மலிவான ஈஸ்ட் கொடுத்தாலே போதும் என்று காட்டினார். 1929-ல் புற்றுநோயால் இறந்தார். எந்தச் சத்துக் குறைவு என்பது 1937-ல்தான் தெரிந்தது: நியாசின். சோளத்தில் அது இருக்கிறது, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்திருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிகள் சோளத்தைச் சுண்ணாம்பிலோ சாம்பல் தண்ணீரிலோ வேகவைத்து அதை விடுவித்தார்கள். ஆலைகளில் அரைத்த சோளத்துக்கு அந்தப் பக்குவம் நடக்கவில்லை.

இன்றைக்கு அங்கே விற்கும் பல கிரிட்ஸ் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்க. சேர்த்த பொருட்களில் நியாசின் இருக்கும்.