சான்று தேடிய சான்றோர்

நைல் ஆறு பாயும் எகிப்து நாடு தொன்மை மிக்கது. அங்குள்ள பெரிய பிரமிடு ஏறத்தாழ 4,500 ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. அதனைக் கண்டு வியந்தோர் பலர். அதனைப் பற்றிக் கதை புனைந்தோரும் பலர். அளந்தறிந்து உண்மை கூற முற்பட்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் பிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் ஆங்கிலேயர்.

பெட்ரி 1853ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இலண்டனை அடுத்த சார்ல்ட்டனில் பிறந்தார். ஆஸ்திரேலியாவைக் கப்பலிற் சுற்றி வந்து அதன் கரையோரத்தைப் படமாக வரைந்த மாத்யூ பிளிண்டர்ஸ் அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஆவார். இளமையில் உடல் நலிவுற்றிருந்தமையால் பெட்ரி பள்ளிக்குச் சென்று பயிலவில்லை, வீட்டிலேயே கற்றார். நிலத்தை அளக்கும் கலையைத் தந்தையார் அவருக்குக் கற்பித்தார். தந்தையும் மகனும் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழைய கல்வட்டத்தைத் துல்லியமாக அளந்தனர்.

அக்காலத்தில், பியாசி ஸ்மித் என்ற வானநூல் அறிஞர் புதுமையான கொள்கை ஒன்றைப் பரப்பி வந்தார். பெரிய பிரமிடு இறைவன் அருளிய அளவுகளால் அமைந்தது என்றும், ஓராண்டின் நாட்கணக்கு அதன் அடிப்பக்கத்தின் நீளத்தில் பொதிந்துள்ளது என்றும் அவர் எழுதினார். பெட்ரியின் தந்தையார் இக்கொள்கையில் ஆழ்ந்த பற்றுடையவர். மகனும் அதனை நம்பியே வளர்ந்தார். எனினும், நம்பிக்கை வேறு, சான்று வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, 1880ஆம் ஆண்டின் இறுதியில் அளவு கருவிகளுடன் எகிப்துக்குப் புறப்பட்டார்.

கீசாவில், பாறையில் குடைந்த பழைய கல்லறை ஒன்றே அவருக்கு வீடாயிற்று. இரண்டு குளிர்காலங்கள் அங்குத் தங்கி அளந்தார். ஒருமுறை அளந்ததை மீண்டும் அளந்து சரிபார்த்தார். அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 755 அடி 9 அங்குலம் என்று கண்டார். ஸ்மித்தின் கணக்கு மெய்யாக வேண்டுமாயின், அது இன்னும் ஏறக்குறைய 6 அடி நீண்டிருத்தல் வேண்டும். தந்தையார் போற்றிய கொள்கை தவறென்பது தெளிவாயிற்று. பெட்ரி அதனை மறைத்தாரல்லர். தாம் கண்ட அளவுகளையெல்லாம் 1883ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

பின்னர் அவர் புதைபொருள் ஆராய்ச்சியில் முழுமையாக ஈடுபட்டார். அந்நாளில் அகழ்வோர் பலர் பொன்னையும் சிலைகளையும் எடுத்துக்கொண்டு, பானை ஓடுகளை எறிந்துவிடுவர். பெட்ரியோ, உடைந்த ஓடும் வரலாறு கூறும் என்றார். பொருள் கிடைத்த இடத்தையும், உடன் கிடைத்தவற்றையும் குறித்து வைத்தார். தொழிலாளர் கண்டெடுத்த பொருள்களுக்குத் தக்க பரிசளித்து, அவை வணிகர் கைக்குப் போகாமல் காத்தார்.

1894ஆம் ஆண்டின் இறுதியில் நக்காடா என்னுமிடத்தில் மிகப் பல பழைய கல்லறைகள் அகழப்பட்டன. அவை எகிப்துக்குள் பிற்காலத்தில் புகுந்த புதிய இனத்தாருடையவை என்று பெட்ரி முதலில் எழுதினார். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் டி மார்கன், அவை அரசர் காலத்திற்கும் முற்பட்டவை எனக் காட்டினார். பெட்ரி தம் பிழையை ஒப்புக்கொண்டார். அதனோடு அமையாது, அக்கல்லறைகளைக் கால வரிசைப்படுத்தவும் முனைந்தார்.

அவற்றில் எழுத்துச் சான்று இல்லை, பானைகளே இருந்தன. சில பானைகளின் கைப்பிடி முதலில் பிடிப்பதற்கு ஏற்றதாய் இருந்து, நாளடைவிற் சிறுத்து, முடிவில் வெறும் அலைக்கோடாக மாறியிருந்தது. இத்தகைய மாறுதல்களைக் கொண்டு சுமார் 900 கல்லறைகளுக்குத் தனித்தனிக் குறிப்புச் சீட்டுகள் எழுதி, அவற்றை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையை 30 என்னும் எண்ணிலிருந்து தொடங்கினார். இன்னும் பழையன பின்னாளிற் கிடைக்கக்கூடும் என்று கருதி, முந்திய எண்களை ஒதுக்கி வைத்தார். தம் ஆராய்ச்சியே முடிந்த முடிபு என்று அவர் செருக்குறவில்லை.

பள்ளி செல்லாத பெட்ரி, 1892 முதல் 1933 வரை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எகிப்தியவியல் பேராசிரியராக விளங்கினார். 1942ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் எருசலேமில் காலமானார்.

வரலாறு கூறுவோர் சான்று காட்டுதல் வேண்டும். சான்று மாறுபடின், தந்தையார் கொள்கையாயினும் தம் கொள்கையாயினும் அதனைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பெட்ரியின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.