வெற்றி வீரர் பாய் சி

போரில் தோற்றவன் வருந்துவது இயற்கை. வென்றவனும் வருந்தியது உண்டோ? உண்டு என்கிறது சீன நாட்டு வரலாறு.

இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னர்ச் சீனா ஒரே நாடாக இருக்கவில்லை. ஏழு பேரரசுகள் ஒன்றோடொன்று ஓயாது பொருதன. அவற்றுள் வலிமை மிக்க சின் நாட்டின் படைத் தலைவரே பாய் சி. கி.மு. 293-இல் ஹான், வெய் நாடுகளின் படைகளை முறியடித்தார். கி.மு. 278-இல் சூ நாட்டின் தலைநகரைக் கைப்பற்றினார்.

பின்னர்ச் சின் நாட்டுக்கும் சாவோ நாட்டுக்கும் சாங்பிங் என்னுமிடத்தில் போர் மூண்டது. சாவோ நாட்டின் முதிய தளபதி லியன் போ, அரண்களை விட்டு வெளிவராமல் பொறுமை காத்தார். அவர் அஞ்சுகிறார் என்று சின் ஒற்றர்கள் வதந்தி பரப்பினர். அதை நம்பிய சாவோ மன்னர், போர் நூல்களைக் கற்றிருந்தும் அனுபவமில்லாத சாவோ குவோ என்பவரைத் தளபதியாக்கினார். தன் மகன் அப்பதவிக்குத் தகுந்தவன் அல்லன் என்று அவருடைய தாயே மன்னரிடம் மன்றாடினாள். மன்னர் செவிசாய்க்கவில்லை.

கி.மு. 260-இல் பாய் சி இரகசியமாகக் களத்திற்கு வந்தார். தோற்று ஓடுவதுபோல் நடித்துப் பகைவரை வெளியே இழுத்து, உணவு வரும் வழியை அடைத்துச் சூழ்ந்துகொண்டார். 46 நாட்கள் பட்டினி! சாவோ குவோ அம்புபட்டு மாண்டார். எஞ்சியோர் சரணடைந்தனர். அந்தோ! வயதில் மிக இளையவர் 240 பேரைத் தவிர ஏனையோரைப் பாய் சி கொன்றுவிட்டார். மாண்டோர் நான்கு இலட்சத்துக்கும் மேல் என்று பழைய சீன வரலாற்று நூல் கூறுகிறது. இத்தொகை மிகையென்று கருதும் அறிஞர்களும் உளர். ஆயினும் 1995-இல் அவ்விடத்தில் தோண்டியபோது, குவியல் குவியலாக மனித எலும்புகள் கிடைத்தன.

பிறகு சாவோ தலைநகரைத் தாக்கச் சின் மன்னர் கட்டளையிட்டார். அது வெல்ல முடியாத போர் என்று பாய் சி தலைமையேற்க மறுத்தார். அவர் கணித்தவாறே சின் படை தோற்றது. சினங்கொண்ட மன்னர் அவரது பட்டத்தைப் பறித்து நாடு கடத்தினார். வழியிலேயே வாளை அனுப்பித் தம்மையே மாய்த்துக்கொள்ளும்படி ஆணையிட்டார்.

தாம் செய்த குற்றம் யாதென எண்ணிப் பார்த்தார் பாய் சி. சரணடைந்தோரை வஞ்சித்துக் கொன்றது அவர் நினைவுக்கு வந்தது. அதற்காகவே தாம் சாகத் தக்கவர் என ஒப்புக்கொண்டு கி.மு. 257-இல் உயிர் துறந்தார்.

ஒரு போரிலும் தோல்வி காணாத வீரரை அவருடைய மனச்சாட்சி வென்றுவிட்டது. அன்புத் தோழியரே, நம்மிடம் அடைக்கலம் புகுந்தோரிடம் இரக்கம் காட்டுவோம். அதுவே உண்மையான வீரம்.