தொம்ரெமியின் மகள்: புனித ஜோன் ஒப் ஆர்க்



ஆண்டுதோறும் மே மாதம் 30ஆம் திகதி நினைவுகூரப்படும் புனித ஜோன் ஒப் ஆர்க்கை நீங்கள் பெரும்பாலும் ஒரே கோலத்திலேயே கண்டிருப்பீர்கள். உடலில் இரும்புக் கவசம், கையில் கொடி, வானத்தை நோக்கிய விழிகள். ஆலயச் சுரூபங்களும் படங்களும் அவரை அவ்வாறே நமக்கு அறிமுகஞ் செய்துள்ளன. ஆனால், கவசம் அணிவதற்கு முன்னர் அவர் ஒரு வீட்டின் பிள்ளையாக இருந்தார். ஆடு மாடுகளோடும் அயலவர்களோடும் வளர்ந்தார். அந்த வீட்டை அறியாமல் அந்தக் கவசத்தை விளங்கிக்கொள்ள முடியாது. ஆதலால் போர்க்களத்துக்கு முன்னதாக உங்களை ஒரு சிற்றூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

பிரான்சின் கிழக்கெல்லையில், மியூஸ் ஆற்றங்கரையில் அமைந்தது தொம்ரெமி என்னும் கிராமம். அங்கு ஜாக் டார்க் என்ற விவசாயிக்கும் இசபெல் ரோமே என்ற பக்தியுள்ள பெண்மணிக்கும் 1412ஆம் ஆண்டளவில் ஜோன் பிறந்தார். எழுத்தறிவு பெறவில்லை. பரலோக மந்திரம், மங்கள வார்த்தைச் செபம், விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றைத் தாயிடமே கற்றார். நூல் நூற்கவும் தைக்கவும் அறிந்திருந்தார். பின்னாளில் நீதிமன்றத்தில் அவர் பெருமையோடு கூறிக்கொண்டவற்றுள் அந்தக் கைத்தொழிலும் ஒன்று.

அக்காலத்தில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே தலைமுறைகளைத் தாண்டிய போர் நடைபெற்றுக்கொண்டிருந்தது. 1337இல் தொடங்கிய அப்போர் ஜோனுடைய காலத்தில் பிரான்சையே இரண்டாகப் பிளந்திருந்தது. பர்கண்டிப் பிரபுவின் ஆட்கள் ஆங்கிலேயரோடு நின்றனர். தொம்ரெமியோ முடிசூட்டப்படாத இளவரசர் சார்ள்ஸின் பக்கம் நின்றது. அரசர்களின் உடன்படிக்கைகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவை அந்தக் கிராமத்தவருக்கு எவ்வாறு தெரிந்தன என்பதே முக்கியம். அவர்களுக்கு அவை கொள்ளையராகவும் தீயாகவும் தெரிந்தன.

ஜோன் குழந்தையாக இருக்கையிலேயே அவருடைய தந்தை ஊரவர் சிலரோடு சேர்ந்து ஆற்றின் நடுவே இருந்த ஒரு பாழ்பட்ட கோட்டையைக் குத்தகைக்குப் பெற்றார். படையினர் வரும் செய்தி கிடைத்தால் ஊர்மக்களும் கால்நடைகளும் ஒதுங்குவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? 1425இல் கொள்ளையர் கிராமத்தின் மாடுகளை ஓட்டிச் சென்றனர். அவை பின்னர் மீட்கப்பட்டன. 1428ஆம் ஆண்டுக் கோடையில் பர்கண்டிப் படை நெருங்கியபோது முழு ஊரும் கால்நடைகளோடு நியூஷாத்தோ என்னும் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஜோனின் குடும்பமும் அவர்களோடு சென்றது. சில நாட்களின் பின் திரும்பி வந்தபோது ஊர்க்கோவில் எரிந்து கிடந்தது. திருப்பலிக்காக அவர்கள் அயலூராகிய குரூவுக்கு நடக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்து தமது கோவிலின் கரிந்த சுவரைப் பார்த்து நிற்பது எத்தகையது என்பதை நம்மிற் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தச் சூழலில்தான், பதின்மூன்று வயதளவில், ஒரு கோடைகால நண்பகலில், தந்தையின் தோட்டத்தில் அவர் முதன்முதலாக ஒரு குரலைக் கேட்டார். முதலில் அஞ்சினார். நல்ல பிள்ளையாக நடக்கும்படியும் கோவிலுக்குத் தவறாது செல்லும்படியுமே அது தொடக்கத்தில் பணித்தது. அதிதூதர் புனித மிக்கேலும் புனித கத்தரீனும் புனித மார்கரீத்தும் தமக்குத் தோன்றியதாகப் பின்னர் அவர் கூறினார். காலப்போக்கில் அந்தக் குரல்கள் பிரான்சின் உதவிக்குப் போகுமாறு பணித்தன.

தந்தைக்கு ஏதோ புலப்பட்டிருக்க வேண்டும். மகள் போர்வீரர்களோடு புறப்பட்டுச் செல்வதாக அவர் கனவு கண்டார். அப்படி ஒன்று நேர்ந்தால் அவளை ஆற்றில் மூழ்கடித்துவிடுங்கள், நீங்கள் செய்யாவிட்டால் நானே செய்வேன் என்று தன் புதல்வரிடம் கூறினார். கடுமையான வார்த்தைதான். ஆயினும், படைகளோடு திரிந்த பெண்களுக்கு நேர்ந்த கதியை அறிந்த ஒரு தந்தையின் அச்சமே அதில் பேசியது. நான் அவரைக் குறைகூறத் துணியேன்.

ஜோன் பெற்றோரிடம் சொல்லாமலே புறப்பட்டார். உறவினரான டுராண்ட் லக்சார் என்பவரின் துணையோடு வோக்கூலெர் நகருக்குச் சென்று, அங்கிருந்த தளபதி ரொபேட் டி போட்ரிக்கூரிடம் இளவரசரைக் காணத் துணை கேட்டார். தளபதி அவரைத் திருப்பி அனுப்பினார். ஜோன் மீண்டும் சென்றார். இறுதியில் 1429 பெப்ரவரியில், ஆண் உடை தரித்து, ஒரு சில வீரர்களோடு, பகைவர் நடமாடிய நிலப்பரப்பினூடாகப் பதினொரு நாட்கள் பயணம் செய்து ஷீனோன் கோட்டையை அடைந்தார். மற்ற எல்லாவற்றிலும் தாய் தந்தையருக்குக் கீழ்ப்படிந்ததாகவும், இந்த ஒன்றில் மட்டும் சொல்லாமற் போனதாகவும், பின்னர் மன்னிப்புக் கேட்டு எழுதியபோது அவர்கள் மன்னித்துவிட்டதாகவும் அவர் நீதிபதிகளிடம் தெரிவித்தார்.

இளவரசர் உடனே நம்பிவிடவில்லை. பொய்த்தியே நகரில் இறையியலாளர்கள் ஏறத்தாழ மூன்று வாரங்கள் அவரை விசாரித்து, அவரிடம் தீமை எதையும் காணவில்லை என்று அறிவித்தனர். அதன் பின்னரே அவருக்குக் கவசமும் குதிரையும் வழங்கப்பட்டன. இயேசு, மரியா என்னும் திருப்பெயர்கள் பொறித்த கொடி ஒன்றையும் அவர் செய்வித்தார். வாளைவிட அந்தக் கொடியை நாற்பது மடங்கு அதிகமாக விரும்பியதாக அவரே கூறியிருக்கிறார். தாக்குதலின்போது கொடியைத் தாமே ஏந்தியது எவரையும் கொல்லாதிருப்பதற்காகவே. தாம் ஒருவரையும் கொன்றதில்லை என்றும் உறுதியாகச் சொன்னார். வாசகர்களே, இதைக் கவனியுங்கள். படையை நடத்தச் சென்ற பதினேழு வயதுப் பெண் ஒருவர், தம் கையால் உயிர் போகக்கூடாது என்று தமக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டார். போரிடுவதற்கு முன்பாக ஆங்கிலேயருக்குக் கடிதம் அனுப்பி, தாமாகவே நாடு திரும்பும்படியும் கேட்டார்.

லொயர் ஆற்றங்கரையிலுள்ள ஒர்லெயான் நகரம் 1428 ஒக்டோபர் தொடக்கம் முற்றுகையிடப்பட்டிருந்தது. 1429 ஏப்ரல் 29ஆம் திகதி ஜோன் நகருக்குள் நுழைந்தார். மே 8ஆம் திகதி ஆங்கிலேயர் முற்றுகையை விலக்கிக்கொண்டு சென்றனர். இந்த ஒன்பது நாட்களைப் பற்றி நூல்கள் பல உண்டு. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அவருடைய கண்ணீரைப் பற்றி. முதல் கொத்தளம் வீழ்ந்தபோது, பாவசங்கீர்த்தனம் செய்யாமலே இத்தனை பேர் இறந்துபோனார்களே என்று அழுதார். தம்மை இழிசொல்லால் ஏசிய ஆங்கிலத் தளபதி கிளாஸ்டேல் பாலம் முறிந்து ஆற்றில் மூழ்கியபோது அவருடைய ஆன்மாவுக்காக அழுதார். அதே நாளில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே அம்பு பாய்ந்தபோது வலி தாங்காமல் தமக்காகவும் அழுதார். பின்பு மருந்திட்டுக்கொண்டு மீண்டும் களத்துக்குச் சென்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆங்கிலேயர் அணிவகுத்து நின்றும், முதலில் தாக்க வேண்டாமெனத் தடுத்து, வெட்டவெளியில் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். பகைவர் போரிடாமலே திரும்பினர். மற்றொரு சமயம், சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயன் ஒருவன் தலையில் அடிபட்டு வீழ்ந்ததைக் கண்டு குதிரையிலிருந்து இறங்கி, அவன் தலையைத் தாங்கிப் பிடித்து, அவன் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு வழிசெய்தார்.

1429 ஜூலை 17ஆம் திகதி ரெய்ம்ஸ் பேராலயத்தில் சார்ள்ஸ் முடிசூட்டப்பட்டார். கொடியோடு ஜோன் அருகில் நின்றார். அன்று அந்நகருக்கு வந்திருந்தவர்களுள் ஜாக் டார்க்கும் ஒருவர். மகளை மூழ்கடிக்கச் சொன்ன அதே தந்தை. அவர் விடுதியில் தங்கிய செலவை நகரமே ஏற்றுக்கொண்டது. தந்தையும் மகளும் என்ன பேசிக்கொண்டனர் என்பதை எந்த ஏடும் பதியவில்லை. ஆனால் அதே மாதம் 31ஆம் திகதி அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஜோனின் வேண்டுகோளுக்கிணங்கத் தொம்ரெமி, குரூ ஆகிய ஊர்களின் மக்கள் வரியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். அவர் பொன் கேட்கவில்லை, மாளிகை கேட்கவில்லை. எரிந்த கோவிலையுடைய தம் ஊரையும், தமக்குத் திருப்பலி தந்த அயலூரையும் அவர் மறக்கவில்லை.

ரெய்ம்ஸுக்குச் செல்லும் வழியில் தம் ஊரவர் சிலரைக் கண்டபோது, துரோகத்துக்குத் தவிர வேறெதற்கும் தாம் அஞ்சுவதில்லை என்று கூறினார். அந்த அச்சம் பொய்க்கவில்லை. பாரிஸ் மீதான தாக்குதல் தோல்வியுற்றது. 1430 மே 23ஆம் திகதி கொம்பியேன் நகரைக் காக்கச் சென்ற இடத்தில், பின்வாங்கிய வீரர்களுக்குக் கடைசியாக நின்ற ஜோன் பர்கண்டியர் கையில் அகப்பட்டார். சகோதரர்களில் ஒருவரான பியேரும் அவரோடு பிடிபட்டார். பிடித்தவர்கள் அவரைப் பத்தாயிரம் லீவர் பணத்துக்கு ஆங்கிலேயருக்கு விற்றனர். அவரால் முடிசூடிய அரசர் அவரை மீட்பதற்குப் பயன்தரும் முயற்சி எதையும் செய்யவில்லை.

விற்கப்படுவதற்கு முன் போர்வுவார் கோட்டைக் கோபுரத்தில் அடைக்கப்பட்டிருந்தபோது நிகழ்ந்த ஒன்றைப் பலர் அறியார். கொம்பியேன் நகரம் வீழ்ந்தால் ஏழு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் கொல்லப்படுவர் என்று கேள்விப்பட்ட ஜோன், குதிக்க வேண்டாம் என்று குரல்கள் தடுத்தும், அந்த உயரத்திலிருந்து கீழே குதித்தார். உயிர் தப்பினார், பிடிபட்டார். ஆங்கிலேயர் கையில் விழுவதற்கும் அவர் அஞ்சினார் என்பது உண்மை. குதித்தது தவறு என்று பின்னர் ஏற்றுக்கொண்டு பாவசங்கீர்த்தனமும் செய்தார். புனிதர்களின் வரலாற்றில் இத்தகைய பக்கங்களை நாம் மறைத்து வாசிப்பதுண்டு. எனக்கு இந்தப் பக்கம் வேண்டும். அன்புக்குரியவர்களைக் காப்பாற்ற முடியாத நிலையில் ஒரு மனித உள்ளம் என்ன பாடுபடும் என்பதை அது மறைக்காமற் காட்டுகின்றது.

அடுத்து வருவதைக் குருவானவன் ஒருவன் எழுதுவது எளிதன்று. ரூவான் நகரில் அவரை விசாரித்தது திருச்சபையின் நீதிமன்றம். தலைமை தாங்கியவர் போவே மறைமாவட்ட ஆயர் பியேர் கொஷோன். திருச்சபை விசாரணைக் கைதியாகிய அவரைத் திருச்சபையின் சிறையில் பெண்களின் காவலில் வைத்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல், ஆங்கிலப் படையினரின் காவலில் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். அவருக்காக வாதாட எவருமில்லை. பாப்பரசரிடம் முறையிட அவர் விடுத்த கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. கற்றோர் பலர் சூழ்ந்திருக்க, எழுத்தறியாத பெண் தனித்து நின்று மறுமொழி கூறினார். தாம் அருள்நிலையில் இருப்பதை அறிவாரா எனக் கேட்டனர். ஆம் என்றால் செருக்கு; இல்லை என்றால் குற்ற ஒப்புதல். தாம் அந்நிலையில் இல்லையெனில் இறைவன் தம்மை அதில் சேர்ப்பாராக, இருப்பின் அதிலேயே காப்பாராக என்ற கருத்தில் அவர் அளித்த பதில் கேட்டோரைத் திகைக்க வைத்தது.

மே 24ஆம் திகதி, தீயின் அச்சத்தால், எல்லாவற்றையும் மறுப்பதாக ஒரு தாளில் அடையாளமிட்டார். நான்கு நாட்களில் அதை மீட்டுக்கொண்டார். உயிரைக் காக்கத் தம் ஆன்மாவை இழக்கத் துணிந்துவிட்டதாக வருந்தினார். 1431 மே 30ஆம் திகதி காலை அவருக்கு நற்கருணை வழங்கப்பட்டது. தப்பறைக்காரி எனத் தீர்ப்பிட்ட ஒருவருக்கு நற்கருணை வழங்க அனுமதித்தவர்களின் மனச்சாட்சி எத்தகையதோ! பழைய சந்தைச் சதுக்கத்தில் அவர் ஒரு சிலுவை கேட்டார். ஆங்கில வீரன் ஒருவன் மரக்குச்சிகளால் சிறு சிலுவை செய்து கொடுத்தான். இசம்பார் என்னும் டொமினிக்கன் துறவி அருகிலிருந்த கோவிலிலிருந்து பாடுபட்ட சுரூபத்தைக் கொண்டுவந்து அவர் கண்முன் உயர்த்திப் பிடித்தார். இயேசுவின் திருப்பெயரைக் கூவியவாறே ஜோன் உயிர்நீத்தார். வயது பத்தொன்பதளவில். சாம்பல் செயின் ஆற்றில் வீசப்பட்டது.

தாய் இசபெல் ஓய்ந்துவிடவில்லை. 1455 நவம்பர் 7ஆம் திகதி பாரிஸ் நோத்ரு டாம் பேராலயத்தில், முதுமையால் தளர்ந்த அத்தாய், தம் மகளுக்கு நீதி வேண்டிப் பாப்பரசர் மூன்றாம் கலிஸ்து நியமித்த நீதிபதிகள் முன்னிலையில் கண்ணீரோடு நின்றார். 1456 ஜூலை 7ஆம் திகதி முன்னைய தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது. இரு ஆண்டுகளின் பின் தாயும் கண்மூடினார். 1909இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் ஜோனுக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 1920 மே 16ஆம் திகதி பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அந்த மறுவிசாரணைக்காக, 1456ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதிகாரிகள் தொம்ரெமிக்கும் சென்று சாட்சியம் கேட்டனர். அந்த விவசாயிகள் குரல்களையும் போர்களையும் பற்றி அதிகம் பேசவில்லை. ஜோன் நூல் நூற்றதையும், ஏழைகளுக்குத் தம் படுக்கையை விட்டுக்கொடுத்ததையும் சொன்னார்கள். கோவில் மணியை நேரத்துக்கு அடிக்க மறந்த பணியாளர், ஒழுங்காக அடித்தால் பரிசு தருவதாக அவர் தமக்கு வாக்களித்ததைச் சொன்னார். ஓவியெத் என்ற தோழி அப்போது நாற்பது வயதைக் கடந்த குடும்பப்பெண். ஜோன் ஊரைவிட்டுப் போனபோது தனக்குத் தெரியாமற் போய்விட்டதையும், அதையறிந்து தான் மிகவும் அழுததையும் அவள் அதிகாரிகளிடம் கூறினாள்.